கூடமா, நடைபாதையா, கதவைத் தட்டும் ஆளா?

சிறிய ஊரொன்றுக்கு மக்கள் நலத்துக்கென்று கொஞ்சம் பணம் கிடைத்தால் பேச்சு மூன்றாகப் பிரியும். உடற்பயிற்சிக் கூடம் கட்டலாம் என்பார் ஒருவர். நடைபாதைகளைச் சரிசெய்யலாம் என்பார் இன்னொருவர். வீட்டுக்குள் தனித்துக் கிடப்பவர்களைத் தேடிப்போய்ப் பேச ஓர் ஆளை அமர்த்தலாம் என்று மூன்றாமவர் சொல்வார். அவர் பேச்சுதான் பெரும்பாலும் எடுபடுவதில்லை. எடுபட வேண்டும் என்பதே என் ஆசை.

கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன். மழையோ இருட்டோ அங்கே தடையில்லை, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கிடைக்கும். ஆனால் அங்கே வருபவர்களில் பலர் ஏற்கெனவே உடம்பைப் பேணுகிறவர்கள். கட்டி முடித்த பிறகும் மின்சாரம், பழுதுபார்ப்பு, பயிற்சியாளர் சம்பளம் என்று ஆண்டுதோறும் பணத்தில் கை வைக்கும். பள்ளிக்கூட அரங்கை மாலையில் திறந்துவிட்டாலே சிறிய ஊருக்குப் பாதித் தேவை தீர்ந்துவிடும்.

நடைபாதை எல்லோருக்கும் பொது. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடைக்கும் வேலைக்கும் நடந்தே போகிறவருக்கு அதில் பெரும்பகுதி தானாகவே சேர்ந்துவிடும். ஆனால் பாதை இருந்தால் மட்டும் போதாது. முழங்கால் வலியோடு ஒரு மூதாட்டி பாதையின் விளிம்புக்கு வருகிறார். அரையடி இறக்கம். கைத்தடியைக் கீழே ஊன்றிப் பார்க்கிறார், ஒரு காலை நீட்டுகிறார், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் இழுத்துக்கொள்கிறார். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். அங்கே ஒரு சரிவு, சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சு, நிழலுக்கு ஒரு மரம், ஒழுங்காக எரியும் விளக்கு. கூடம் கட்டும் செலவோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு செலவே இல்லை.

இனி மூன்றாவது. இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில் ஃப்ரூம் என்ற சிற்றூர். 2013இல் மருத்துவர் ஹெலன் கிங்ஸ்டன் அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கினார். ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, தனிமையிலும் நோயிலும் இருப்பவர்களைப் பாட்டுக்குழு, உடற்பயிற்சிக் குழு, கைவேலைக் கூடம் என்று ஏதோ ஒன்றோடு சேர்த்துவிடுவதே வேலை. 2017 இறுதிக்குள் ஊரில் அவசர மருத்துவமனைச் சேர்க்கை 14 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் மாவட்டம் முழுவதும் அது 28 சதவீதத்துக்கு மேல் கூடியது. முழுப் பெருமையும் இந்த முயற்சிக்கே என்று அடித்துச் சொல்ல முடியாது. முன்பும் பின்பும் ஒப்பிட்ட கணக்குதான். ஆனாலும் 148 ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளியான அலசலும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது: நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம்.

பாதையும் ஆட்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பார்க்ரன் என்ற வாராந்திரப் பூங்கா ஓட்டம் சாட்சி. 2004இல் லண்டன் பூங்கா ஒன்றில் 13 பேர் ஓடித் தொடங்கியது. கட்டடம் இல்லை, கட்டணம் இல்லை. இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. நடந்தே முடிப்பவர்களுக்கும் அங்கே இடமுண்டு.

என்னைக் கேட்டால், முதல் ஆண்டுப் பணத்தில் ஆளை அமர்த்துங்கள். எந்த விளிம்பு உயரம், எந்த விளக்கு எரியவில்லை, யார் எதற்குப் பயந்து வெளியே வருவதில்லை என்பதை வீடு வீடாகப் போகும் அவரே பட்டியலிட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டாம் ஆண்டுப் பணம் அந்தப் பட்டியலுக்கு.