ஆரக்கிள் க்யூவை இணையத்தில் திறந்து தருகிறோம் என்பவர்களுக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன்

தலைமை அலுவலகத்தின் ஆரக்கிள் ஏக்யூவில் (டேட்டாபேஸுக்குள்ளேயே மெசேஜ்களை வரிசையாக வைத்திருக்கும் வசதி) விழும் ஆர்டர்களைக் கிளைகள் இணையம் வழியே எடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம். "முடிந்தது" என்று ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்ததைப் பாருங்கள்.

லிசனரின் (டேட்டாபேஸுக்கு வரும் இணைப்புகளை வாங்கும் ப்ரோகிராம்) 1521 போர்ட் எல்லா ஐபிக்கும் திறந்து கிடந்தது. போகும் தகவலை மறையாக்கும் டிசிபிஎஸ் இல்லை, நேட்டிவ் என்கிரிப்ஷனும் இல்லை. லாகின் பாஸ்வேர்டு மட்டும்தான் மறையாக்கப்பட்டுப் போகும். மெசேஜ் அம்மணமாகப் போகும். டிசிபிடம்ப் (நெட்டில் போவதை எடுத்துக் காட்டும் கருவி) ஓடவிட்டால் வாடிக்கையாளர் முகவரி எழுத்தெழுத்தாகத் திரையில் தெரிகிறது. கிளை யூசருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் ரோலே கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு க்யூவில் டீக்யூ (மெசேஜை எடுக்கும்) உரிமை போதும், ஒரு வரி கிராண்ட் அது.

டீக்யூவில் வெயிட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது) எழுதவில்லை. எழுதாவிட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும். சும்மா கிடக்கும் இணைப்பை நடுவில் நின்று இணைப்புகளைப் பகிர்ந்துவிடும் லோட் பேலன்சர் வெட்டிவிடும் (மைக்ரோசாஃப்ட் அஷூர் கிளவுடில் இயல்பாக 4 நிமிடம்). வெட்டுப்பட்டது தெரியாமல் கிளை ப்ரோகிராம் செத்த இணைப்பில் உட்கார்ந்திருக்கும், இங்கே க்யூ பெருத்துக்கொண்டே போகும். 30 வினாடி வைத்து, ஓஆர்ஏ-25228 (நேரம் முடிந்தும் மெசேஜ் வரவில்லை என்னும் எரர்) வந்தால் மறுபடி கேட்கச் சொன்னால் தீர்ந்தது.

புகார் சொன்னதும் தனி பில் போட்டு எச்டிடிபிஎஸ் ஏபிஐ (கிளை ஓர் இணைய முகவரியை அழைத்து மெசேஜை வாங்கும் வழி) செய்து தந்தார்கள். உண்மையான அநியாயம் இங்கேதான். ஒரு கெட் (எச்டிடிபியில் படிப்பதற்கான) அழைப்பு வந்தால் டீக்யூ, உடனே கமிட் (எடுத்ததை உறுதியாக்குவது), பிறகு பதில். அந்தப் பதில் வழியில் அறுந்தால் ஆர்டர் எங்கேயும் இல்லை. லாகில் எரர்கூட வராது, ஏனென்றால் டேட்டாபேஸைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே முடிந்தது. இரண்டு எச்டிடிபி அழைப்புகளுக்கு இடையே, கமிட் ஆகாத டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்திருப்பதும் சரிப்படாது. அதனால் டீக்யூவையும் ஒரு நிலுவை டேபிளில் இன்செர்ட்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் கமிட் செய்து, பிறகு அனுப்ப வேண்டும். கிளை அந்த 32 எழுத்து மெசேஜ் ஐடியைத் திருப்பி அனுப்பி "கிடைத்தது" என்றால் மட்டுமே நிலுவை வரியை அழிக்கலாம். 5 நிமிடம் பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பணும். ஒரே ஐடி இரண்டு தடவை வந்தால் கிளை ஒன்றைத் தள்ளிவிடணும். அழைப்பும் கெட்டாக இல்லாமல் போஸ்டாக (மாற்றம் செய்வதற்கான அழைப்பாக) இருக்கட்டும். கெட்டை நடுவில் இருக்கும் பிராக்சி (அழைப்புகளை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) தானாகவே திரும்ப அனுப்பக்கூடும்.

சோதிப்பது சுலபம். 100 மெசேஜ் போட்டு, கிளை எடுக்கும்போதே நெட்டை மூன்று முறை பிடுங்குங்கள். க்யூ, எக்செப்ஷன் க்யூ (எடுப்பது பலமுறை தோற்ற மெசேஜ்கள் ஒதுக்கப்படும் இடம்), நிலுவை டேபிள், கிளை: நான்கிலும் உள்ள ஐடிகளை, இரட்டிப்பை நீக்கி, எண்ணுங்கள். 99 வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.