கணவாய் ஓடா, மெழுகா?

92.5 வெள்ளியில் (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி உள்ள கலவை) மோதிரம் வார்க்கப் போகிறீர்களா? கணவாய் மீனின் ஓட்டில் (நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள்) அச்சைக் குடைந்து, உருக்கிய வெள்ளியை ஊற்றினால் ஓட்டின் அடுக்கு வரிகள் அப்படியே பதியும், அலை ஒதுங்கிய மணல் மாதிரி. ஓடு கருகிவிடும், அதே வரி இன்னொரு மோதிரத்தில் வராது. அழகுதான். ஆனால் துப்பட்டா நூலை இழுக்கும், வரிக்குள் சோப்பு தங்கும்.

மெழுகில் மோதிரத்தைச் செதுக்கி, அதைச் சுற்றி அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் வெள்ளியை வார்த்தால் உள்விளிம்பை உருட்டலாம், கனத்தைக் குறைக்கலாம். விரலை மடக்கினால் உறுத்தாது. என்ன, கொஞ்சம் அசந்தால் கடைச்சரக்கு போல ஆகிவிடும்.

தினமும் பாத்திரம் தேய்க்கும் கைக்கு நான் மெழுகையே சொல்வேன். அந்த மணல் வரிதான் வேண்டுமா? சரி, பதக்கமாக வார்த்துக்கொள்ளுங்கள். இல்லை, மோதிரம்தான் என்றால் உள்பக்கத்தையும் ஓரங்களையும் அரம் போட்டு வழவழப்பாக்கிவிட்டு, முகப்பில் மட்டும் வரியை விட்டுவையுங்கள்.