12 அடி கயாக், நாலு வருஷம், ஒரு தோள்வலி

போன வாரம் என் கயாக்கின் (துடுப்பால் ஓட்டும் சின்னப் படகு) பின்முனையில் பிளாஸ்டிக் வெல்டிங் போட்டு எடுத்து வந்தேன். போட்டுக்கொடுத்தவர் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இதைத் தண்ணியில ஓட்டுறீங்களா, தரையில ஓட்டுறீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வாரம் பார்த்து நண்பன் ஒருவன், "மீன் பிடிக்கக் கயாக் வாங்கப்போறேன்டா, எத்தனை அடி வாங்கட்டும்?" என்று கேட்டான்.

என்னுடையது 12 அடி நீளம், 34 அங்குல அகலம், மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. சீட்டோடு சேர்த்து 41 கிலோ. இந்த 41-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இதைக் குறை சொல்ல மனசு வராது. முதல் மாதம் எழுந்து நிற்கவே பயம். இப்போது நின்றுகொண்டேதான் தூண்டில் வீசுகிறேன். உட்கார்ந்திருக்கும்போது வெறும் பளபளப்பாகத் தெரிகிற இடம், எழுந்து நின்றால் திறந்துகொள்கிறது; பாசித் திட்டு தெரியும், அதன் ஓரத்தில் அசையாமல் நிற்கும் மீனும் தெரியும். அந்த அகலம் இல்லாமல் இது நடக்காது. அகலத்துக்கான தண்டத்தைத் துடுப்பில் கட்டினேன், அவ்வளவுதான். முதலில் வாங்கியது 230 சென்டிமீட்டர் துடுப்பு. துடுப்புப் போடும்போதெல்லாம் விரல் முட்டி கயாக்கின் ஓரத்தில் உரசித் தோல் போனது. 250 வாங்கிய பிறகுதான் கை ஆறியது.

நீளம் கூடினால் வேகம் கூடும் என்பார்கள். கூடும்தான். ஆனால் உச்ச வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் 10 அடிக்கும் 12 அடிக்கும் கணக்கில் பத்து சதவீத வித்தியாசம்கூட இல்லை. நிஜ லாபம் நேராகப் போவதில் இருக்கிறது. குட்டைக் கயாக் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் மூக்கை இடமும் வலமும் ஆட்டும். எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் திரும்பி வந்து பாருங்கள், அந்த ஆட்டம் முழுக்க முதுகில் சேர்ந்திருக்கும்.

அப்புறம் எடை தாங்கும் அளவு. ஸ்டிக்கரில் 180 கிலோ என்று போட்டிருந்தால் 180 ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. முக்கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் ஆள், பேட்டரி, ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் அடக்கம். ஒரு நாள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். தண்ணீர் வடிவதற்காக வைத்த ஓட்டைகள் வழியாகவே தண்ணீர் மேலே ஏறி, அன்று முழுவதும் ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். அடைப்பான் போட்டால் ஏறாது. ஆனால் அலை தெறித்து விழுகிற தண்ணீரும் வடியாது.

சரி, இப்போது அந்த 41-க்கு வருகிறேன்.

கார் நிற்கிற இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் எப்போதும் ஏதாவது இருக்கும்: மணல், கல், சேறு. சக்கர வண்டி மணலில் புதையும், கல்லில் கவிழும். அப்புறம் என்ன, முன் கைப்பிடியைப் பிடித்து இழுப்பதுதான். இழுக்கும்போது பாரம் முழுக்கப் பின்முனையில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில்தான் இறங்கும். நாலு வருஷம் அந்த இடம் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் குனிந்து பார்க்கவில்லை. போன மாதம் கயாக் வழக்கத்துக்கு மாறாக மந்தமாகப் போனது. கரைக்கு வந்து சாய்த்தால் உள்ளே சளக் சளக்கென்று சத்தம். வடிகால் மூடியைத் திறந்தேன். தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. பின்முனையில் கடுகளவு ஓட்டை.

என் கயாக் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது; கண்ட பசையும் அதில் ஒட்டாது, உரிந்து வந்துவிடும் (ஒட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்). அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கித்தான் அடைக்க வேண்டும். இப்போது அதன் மேல் ஒரு தேய்மானப் பட்டையும் வைத்தாகிவிட்டது. இதை வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டும்.

மூன்று மணி நேரம் மீன் பிடித்துவிட்டு, கை சோர்ந்த நேரத்தில் தனி ஆளாக 41 கிலோவைக் காரின் தலைக்கு மேல் ஏற்றுவது இன்னொரு கூத்து. ஒரு முனையைக் கூரையில் சாய்த்துவிட்டு மறுமுனையைத் தூக்கித் தள்ள வேண்டும். சில நாள் மழை மேகம் இல்லாமலே "இன்னிக்கு மழை வரும்" என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறேன்.

அதனால் நண்பனிடம் திருப்பிக் கேட்டேன்: கார் நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம், கூட ஆள் வருவாரா? "தெரியல, தனியாத்தான் போவேன்" என்றான். பத்தடி வாங்கு, 30 கிலோவுக்குள் பார் என்று சொல்லிவிட்டேன். அவன் எடையே நூறு கிலோவைத் தாண்டும், பெட்டி பேட்டரியோடு ஏறினால் என்னைப் போல ஈரத்தில்தான் உட்காருவான், எழுந்து நிற்கவும் முடியாது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் எப்படி இருக்கிறது என்று தண்ணீரில் இறக்கிப் பார்க்கப் போகிறேன், அதற்கப்புறம் பேசலாம் என்று போனை வைத்துவிட்டேன்.