காரைக்குடியில் கல்லீரல் பரிசோதனை: ஊருக்கு வந்தபோது கண்டதும் கேட்டதும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குச் செட்டிநாடு வருகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்து தரும் காரியங்களில் 'முழு உடல் பரிசோதனை' இப்போது முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்த அறிக்கைக் கட்டில் 'கொழுப்பு ஈரல்' என்ற வரி இல்லாத வீட்டைப் பார்ப்பதே அரிதாகி வருகிறது. இம்முறை சிங்கப்பூரிலிருந்து கோட்டையூர் வந்திருந்தபோது, அம்மானுக்காகவும் (தாய்மாமன்) அண்ணமிண்டிக்காகவும் (அண்ணன் மனைவி) காரைக்குடியிலும் மதுரையிலும் அலைந்து நான் அறிந்தவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நம் பகுதியில் சோதனை செய்வதற்கான வசதிக்குக் குறைவில்லை. வந்த முடிவைப் படித்து, இதற்கு இதுதான் பொருள் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

வசதியைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இரத்தம் எடுக்க விடியற்காலையிலேயே வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வாட்ஸாப்பில் அறிக்கை வந்துவிட்டது. வயிற்று ஸ்கேனுக்கும் அதிக நேரம் காத்திருக்கவில்லை. அம்மானுக்கு 62 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மது அருந்தியதே இல்லை. அவருடைய ஸ்கேன் அறிக்கையில் 'கிரேடு 1' என்றும், 41 வயதான அண்ணமிண்டியின் அறிக்கையில் 'கிரேடு 2' என்றும் இருந்தன. ஸ்கேன் எடுத்த இடத்தில் விளக்கம் கேட்டதற்கு, "டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். காட்டிய இடத்தில் அறிக்கையை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெயைக் குறைக்கச் சொல்லி, ஈரலுக்கென்று ஒரு டானிக் எழுதித் தந்து அனுப்பினார்கள். வெளியே நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மருத்துவருக்கு ஆளுக்குச் சில நிமிடங்கள்தாம் கிடைத்திருக்கும். ஆனால் அதன் விளைவு என்னவென்றால், கிரேடு 2 என்ற எண்ணைப் பார்த்து அண்ணமிண்டி தூக்கத்தைத் தொலைத்தார். கிரேடு 1தானே என்று அம்மான் நிம்மதியாக இருந்துவிட்டார். உண்மை நிலவரம் இதற்கு நேர் எதிராக இருந்தது.

ஸ்கேனில் வரும் கிரேடு என்பது ஈரலில் கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைப் படத்தின் வெளிச்சத்தைக் கொண்டு கணிப்பது. ஈரல் எந்த அளவுக்குப் புண்பட்டு, ஆறி, தழும்பேறியிருக்கிறது என்பதை அது சொல்லாது. இந்த நோயில் ஒருவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவைவிட அந்தத் தழும்புதான். தழும்பை எஃப் 0 முதல் எஃப் 4 வரை படிகளாகப் பிரிக்கிறார்கள்; எஃப் 4 என்பதுதான் ஈரல் முழுதும் தழும்பேறிவிட்ட சிரோசிஸ். அந்தக் கடைசிப் படியை நெருங்கும்போது ஈரலில் கொழுப்பு குறைந்துபோவதும் உண்டு என்பதால், கிரேடு இறங்கியிருப்பதை மட்டும் பார்த்து நோய் குணமாகிவிட்டது என்று எண்ணுவது ஆபத்தானது. கிரேடும் தழும்பின் படியும் வெவ்வேறு என்ற இந்த ஒரு செய்தியை ஸ்கேன் அறிக்கையின் அடியில் இரண்டு வரியில் அச்சிட்டுத் தந்தாலே எத்தனையோ குடும்பங்களின் வீண் பயமும் வீண் நிம்மதியும் நீங்கும்.

தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று முதற்கட்டமாக அறிய, தனியாகச் செலவழித்து எந்தச் சோதனையும் செய்ய வேண்டியதில்லை. எஃப்ஐபி-4 என்றொரு கணக்கு இருக்கிறது. எச்ஐவி, ஹெபடைடிஸ் சி ஆகிய இரண்டு தொற்றும் சேர்ந்து உள்ளவர்களுக்காக 2006இல் வகுக்கப்பட்ட அந்தக் கணக்கு, பின்னர் கொழுப்பு ஈரலுக்கும் பொருந்துவது கண்டறியப்பட்டு, இன்று உலகெங்கும் முதல் சல்லடையாகப் பயன்படுகிறது. வயதை எஸ்ஜிஓடி (ஈரல் சோதனையில் வரும் ஒரு நொதி) அளவால் பெருக்க வேண்டும். எஸ்ஜிபிடி (அதேபோன்ற இன்னொரு நொதி) அளவின் வர்க்கமூலத்தைத் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். முதல் தொகையை இரண்டாவது தொகையால் வகுக்க வேண்டும். நம் ஊர் ஆய்வகங்கள் தட்டணுக்களை லட்சக் கணக்கில் தருவதால், 1.76 லட்சம் என்றிருந்தால் 176 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மானுடைய எஸ்ஜிஓடி 46, எஸ்ஜிபிடி 49. ஆகவே 62ஐ 46ஆல் பெருக்கினால் 2852, 49இன் வர்க்கமூலமான 7ஐ 176ஆல் பெருக்கினால் 1232, வகுத்தால் 2.3. இந்த எண் 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம். இடையில் இருந்தால் அடுத்த சோதனை தேவை. 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். அண்ணமிண்டிக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன்; 0.7 வந்தது.

கவனிக்க வேண்டிய ஒன்று: ஈரலுக்கான சோதனைத் தொகுப்பு மட்டும் எடுத்தால் அதில் தட்டணுக்கள் இருக்காது, அவை சிபிசி என்ற இரத்த அணுச் சோதனையில்தான் வரும். இரண்டையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லுங்கள்.

அம்மானை அடுத்த வாரமே மதுரைக்கு அழைத்துச் சென்றோம். தனியார் மருத்துவமனை ஒன்றில், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். கட்டணம் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அம்மானை மல்லாந்து படுக்கவைத்து, வலக்கையைத் தலைக்குப் பின்னால் மடித்து வைக்கச் சொல்லி, வலப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே களிம்பைத் தடவி ஒரு கருவி முனையை வைத்து அழுத்தினார்கள். விரலால் சுண்டுவதைப் போன்ற சிறிய தட்டுகள். ஒவ்வொரு தட்டின் அதிர்வும் ஈரலுக்குள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் கருவி அளக்கிறது. தழும்பேறி இறுகிய ஈரலில் அதிர்வு விரைவாகச் செல்லும். சரியான பத்து அளவுகள் கிடைக்கும்வரை தட்டிவிட்டு, அவற்றின் நடு அளவை எடுத்துத் தந்தார்கள். 9.4 கிலோபாஸ்கல் என்று வந்தது. எட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை. பன்னிரண்டுக்கு மேலே போனால் முற்றிய தழும்பாக இருக்கக்கூடும். அம்மான் இரண்டுக்கும் நடுவில் நின்றார். காரைக்குடி வட்டாரத்தில் இந்தக் கருவி இருக்கும் இடத்தை எங்களுக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. பெரியவர்களை இதற்காக மதுரைவரை காரில் கூட்டிப்போய் வருவது எளிதான காரியமன்று.

மதுரையில் நாங்கள் பார்த்த ஈரல் மருத்துவரைப் பற்றி நன்றியோடு சொல்ல வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு தாளில் படம் வரைந்து அம்மானிடமே நேராகப் பேசினார். "ஐயா, குடித்தால்தான் ஈரல் கெடும் என்பதில்லை, உங்கள் சர்க்கரையும் இடுப்புக் கொழுப்பும் சேர்ந்து செய்கிற வேலை இது" என்று அவர் சொன்னபோதுதான், ஊரார் என்ன நினைப்பார்களோ என்று அம்மான் உள்ளுக்குள் வைத்திருந்த கூச்சம் விலகியது. பின்னர் நான், அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் அனுப்பிய செய்தியைக் காட்டி, அங்கே வந்திருக்கும் புதிய மாத்திரையை வாங்கி வரலாமா என்று கேட்டேன். நம்மில் பலரும் இதே கேள்வியோடுதான் ஊருக்கு வருகிறோம் என்பதால், அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்துச் சரிபார்த்ததையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த மாத்திரையின் பெயர் ரெஸ்மெட்டிரோம். ஈரலில் தைராய்டு ஹார்மோனை ஏற்கும் ஒரு வகை ஏற்பியைத் தூண்டி, அங்கே தேங்கும் கொழுப்பை எரிக்கச் செய்வது அதன் வேலை. இந்த நோய்க்கென்று அமெரிக்க மருந்து ஆணையம் 2024 மார்ச்சில் முதன்முதலாக ஒப்புதல் அளித்தது இதற்குத்தான். 966 பேரிடம் 52 வாரங்கள் நடந்த ஆய்வில், தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் மருந்து எடுத்தோரில் அளவுக்கேற்ப 24.2 அல்லது 25.9 விழுக்காட்டினர், மருந்தில்லா மாத்திரை எடுத்தோரில் 14.2 விழுக்காட்டினர். பயன் இருக்கிறது, ஆனால் நால்வரில் ஒருவருக்குத்தான் தழும்பு குறைந்தது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. அங்கே அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 47,400 டாலர். எஃப் 2, எஃப் 3 படிகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த ஒப்புதல். தழும்பே இல்லாதவருக்கும் சிரோசிஸ் வந்துவிட்டவருக்கும் அது உரியதன்று. படியை அளக்காமல் மருந்தைத் தேடுவதில் பயனில்லை என்று மருத்துவர் அழுத்திச் சொன்னதன் காரணம் இதுவே.

வாரம் ஒருமுறை போடும் ஊசியான செமாக்ளூடைடுக்கும் 2025 ஆகஸ்டில் அதே படிகளுக்கான ஒப்புதல் அங்கே கிடைத்திருக்கிறது. 800 பேரை 72 வாரங்கள் கவனித்த இடைக்கால முடிவில், தழும்பு கூடாமல் ஈரல் அழற்சி தணிந்தவர்கள் 62.9 விழுக்காடு, மருந்தில்லா ஊசி போட்டவர்களில் அது 34.3 விழுக்காடு. தழும்பு குறைந்தவர்கள் 36.8 விழுக்காடு, மற்றவர்களில் 22.4 விழுக்காடு. எடைக் குறைப்புக்கென்று இந்த ஊசி இந்தியாவிலும் 2025 ஜூனில் விற்பனைக்கு வந்துவிட்டது. வாந்தி, குமட்டல் முதலிய தொல்லைகள் உள்ள மருந்தாகையால், மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் கடையில் வாங்கிப் பெரியவர்களுக்குப் போடக் கூடாது. வெளிநாட்டு மருந்தையே பேசிக்கொண்டிருந்த எனக்கு மருத்துவர் நினைவூட்டிய இன்னொன்று சாரோகிளிட்டாசார்: அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த மாத்திரைக்கு, சிரோசிஸ் வராத நிலையில் கொழுப்பால் வரும் ஈரல் அழற்சிக்காக, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 மார்ச்சிலேயே ஒப்புதல் தந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் அம்மானிடம் கேட்டது எடையைத்தான். கியூபாவில் 293 நோயாளிகளிடம் ஓராண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி தீர்ந்தது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. 74 கிலோ இருக்கும் அம்மானுக்கு அது ஏழு கிலோ சொச்சம். கல்யாணமும் சாந்தியும் (அறுபது நிறைவு போன்ற விழா) மாறி மாறி வரும் நம் ஊரில், பந்தியில் உட்கார்ந்து கந்தரப்பத்தையும் கவுனி அரிசியையும் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். அதனால் பந்தியை விடச் சொல்லாமல், இலையில் இனிப்பு ஒன்று, இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள், காலையில் முக்கால் மணி நேர நடை என்று மூன்றுக்கு மட்டும் ஒப்புக்கொள்ள வைத்தோம். சர்க்கரை போடாத காப்பி குடிக்கலாம் என்றதில் அம்மானுக்கு மகிழ்ச்சி. காப்பி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் போன வீடுகளில் எல்லாம் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். அந்த நம்பிக்கைக்குச் சென்னையிலேயே நடந்த ஒரு மதிப்புமிக்க ஆய்வின் பின்புலம் உண்டு. எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. கிருமியைச் சுமந்திருந்தவர்களில், கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. எடுக்காத 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பின்னர் வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதிலும் அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி பற்றியது. கொழுப்பு ஈரலைப் பற்றியதன்று. சீந்தில் கொடியைப் பொறுத்தவரை, அதை உட்கொண்ட சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். அண்ணமிண்டி தினமும் குடித்துவந்த மூலிகைப் பொடியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருக்கவில்லை. மருத்துவரின் சொற்படி அதை நிறுத்திவிட்டார்.

அரசுச் சேவையைப் பற்றியும் ஒரு சொல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் எங்கள் தெருவில் வீடு தேடி வருகின்றன. மாத்திரை கொண்டு வரும் சகோதரி பெரியவர்களிடம் காட்டும் பொறுமையை நேரில் பார்த்தேன். அதே ஆண்டில் மத்திய அரசு, கொழுப்பு ஈரல் நோயையும் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. ஆனால் ஈரலைப் பற்றி அந்தச் சகோதரி கேட்டதாக எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கும்போதே அந்த எஃப்ஐபி-4 கணக்கையும் போட்டு அட்டையில் குறித்துவிட்டால், மதுரைக்கு அனுப்பப்பட வேண்டியவர் யார் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தெரிந்துவிடும். முற்றிவிட்டால் கடைசி வழி ஈரல் மாற்று அறுவைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கும் இடமுண்டு என்றாலும், தானமாக வரும் ஈரலுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் பாடு சொல்லி முடியாதது.

அம்மானுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிபிசியும் ஈரல் சோதனையும், ஓராண்டு கழித்து மறுபடி ஃபைப்ரோஸ்கேனும் என்று குறித்துத் தந்திருக்கிறார்கள். மதுரைக்கு அழைத்துப் போகும் பொறுப்பை அண்ணன் ஏற்றுக்கொண்டார். அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் எஃப்ஐபி-4 எண்ணையும் பேனாவால் பெரிதாக எழுதி வைத்துவிட்டு வந்தேன். இனி எந்த மருத்துவர் புரட்டினாலும் முதலில் கண்ணில் படுவது அவையாகத்தான் இருக்கும்.