டிவி நல்ல டிவிதான், ஆனால் சினிமாவை சீரியல் ஆக்கிவிடுகிறது

எங்கள் வீட்டில் இருக்கும் டிவியின் விலை இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது போல. நண்பன் ஒருவன், "நீதான் ரொம்ப நாளா வெச்சிருக்கியே, எப்படிப் போகுது? வாங்கலாமா?" என்று கேட்டான். வேறு சமயமாக இருந்தால் தாராளமாக வாங்கு என்றிருப்பேன். அவன் கேட்ட சமயத்தில்தான் டிவிக்கு மெயின் போர்டு மாற்றியிருந்தார்கள். போர்டு மாறியதும், நான் எப்போதோ அணைத்து வைத்திருந்த, படத்தின் அசைவை வழவழப்பாக்கும் ஒரு செட்டிங் தானாக உயிர்பெற்று வந்துவிட்டது. எத்தனை இன்ச், என்ன பேனல், எத்தனை எச்டிஎம்ஐ என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அதனால் அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரிப்பேருக்குப் பிறகு முதலில் போட்ட படம் 'கொட்டுக்காளி'. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024-இல் வந்தது, சூரியும் அன்னா பென்னும் நடித்தது. தியேட்டரில் பார்த்த படம்தான். பின்னணி இசையே இல்லாத படம் என்பதால் வண்டிச் சத்தமும் காற்றும் சேவலும் மனிதர்களின் மூச்சும்தான் நம்மை உள்ளே இழுக்கும். தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, குரல் கட்டிப்போன சூரி பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அறுத்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட படம் எங்கள் டிவியில் ஓடியபோது, யாரோ பக்கத்தில் நின்று செல்போனில் எடுத்த ஷூட்டிங் வீடியோ மாதிரி இருந்தது. கையில் பிடித்த கேமரா நடுங்க வேண்டிய இடத்தில் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது. ஆட்டோவின் ஓரங்களில் தண்ணீர் அலை போல ஏதோ நெளிந்தது. பாண்டியாக வரும் சூரி வெறி கொண்டு மீனாவாக வரும் அன்னா பென்னையும் குறுக்கே வருகிறவர்களையும் அடிக்கிற இடம் தியேட்டரில் என் வயிற்றைக் கலக்கியது. இங்கே அது நடிகர்கள் ஒத்திகை பார்ப்பதைப் போலத் தெரிந்தது. "என்னடா இது, சீரியல் மாதிரி இருக்கு" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு மேல் சரியான விளக்கம் கிடையாது.

நடப்பது இதுதான். சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக எடுக்கப்படுகிறது. டிவி திரையோ வினாடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கிறது. 120-ஐ 24-ஆல் வகுத்தால் 5, மிச்சம் வராது. 60-ஐ வகுத்தால் இரண்டரை. அதனால் ஒரு ஃப்ரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். கேமரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் இது லேசான தடுக்கலாகத் தெரியும். இந்தத் தடுக்கலைப் போக்குகிறேன் என்று டிவிக்குள் இருக்கும் சிப், இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, கேமரா எடுக்கவே எடுக்காத ஃப்ரேம்களைத் தயாரித்துச் செருகிவிடுகிறது. கம்பெனிக்குக் கம்பெனி இதற்குப் பெயர் வேறு. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. கடையில் பார்க்கும்போது பளிச்சென்று ஈர்க்கும். வீட்டில் ஒளிப்பதிவாளரின் வேலையை அழித்துவிடும்.

இதனால் யாருக்கும் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிரிக்கெட்டில் ஃபீல்டர் ஓடும்போது பந்து கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அப்பாவுக்கு இது பிடித்திருக்கிறது. அணைக்கப் போனால், "நல்லாத்தானே இருக்கு, அப்படியே விடுப்பா" என்கிறார். அவருடன் உட்கார்ந்து 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' மறுபடியும் பார்த்தேன். தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்ற இரண்டு யானைக் குட்டிகளை வளர்க்கிற கதை. கார்த்திகி கோன்சால்வ்ஸ் எடுத்து, 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. காட்டைப் பார்த்த அப்பாவுக்கு நேரில் போய் நிற்பது போல இருந்ததாம். எனக்கு ரகு தும்பிக்கையை வீசும்போதெல்லாம் பின்னாலிருந்த புல்லும் சேர்ந்து குழைந்தது கண்ணை உறுத்தியது. ஆனாலும் பெள்ளி பேசுகிற இடங்களில் நான் அதையெல்லாம் மறந்துதான் போனேன். முகம் அசையாமல் இருந்தால் சிப்புக்கும் செய்ய வேலை இல்லை. அந்த முகத்தை இந்த டிவி அவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதே ஆண்டு ஆஸ்கருக்குப் போட்டியிட்ட இன்னொரு ஆவணப்படம் ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்'. டெல்லியில் காற்று கெட்டுப்போய் வானிலிருந்து விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் அண்ணன் தம்பியைப் பற்றியது. எனக்கு 'எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்தைவிட இதுதான் உசத்தி. முதல் காட்சியிலேயே கேமரா இரவில் குப்பைமேட்டைத் தடவிக்கொண்டு மெதுவாக நகரும், எலிகள் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் படத்தில் செட்டிங்கை அணைத்தால் அந்த மெதுவான நகர்வில் தடுக்கல் தெரிகிறது, அதை மறைக்க முடியாது. போட்டால் தடுக்கல் போய்விடும், ஆனால் எலிகளின் வால் இரண்டாகப் பிரிகிறது. நான் தடுக்கலோடே பார்த்தேன். தடுக்கல் இருந்தாலும் அது ஷௌனக் சென்னின் காட்சி. வாலைப் பிரித்தது எங்கள் டிவி.

என்னை உண்மையில் குழப்பிய படம் வேறு. பீட்டர் ஜாக்சனின் 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்', 2018-இல் வந்தது. முதல் உலகப் போரில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளை லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் சேமிப்பிலிருந்து எடுத்து, அவற்றைச் சரிசெய்து, வண்ணம் சேர்த்து உருவாக்கிய படம். அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். வேகம் ஆளுக்கு ஆள் மாறும், பெரும்பாலும் 24-க்குக் குறைவாகத்தான் இருக்கும். அதை 24-இல் ஓட்டுவதால்தான் பழைய படங்களில் மனிதர்கள் விடுக் விடுக்கென்று வேகமாக நடப்பதைப் பார்க்கிறோம். ஜாக்சனின் குழு நடுவே இல்லாத ஃப்ரேம்களைக் கணினியில் உருவாக்கிச் சேர்த்து, நடையை மனித நடையாக்கியது. உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்து அந்த வீரர்கள் என்ன பேசினார்கள் என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். படம் சின்னக் கறுப்பு வெள்ளைச் சட்டமாகத் தொடங்கும். வீரர்கள் போர்முனைக்குப் போய்ச் சேரும்போது திரை முழுக்க விரிந்து வண்ணமாகிவிடும். அந்தப் பையன்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. போர்டு மாற்றுவதற்கு முன்பு, செட்டிங் அணைத்திருந்தபோது பார்த்தது அது.

அங்கேயும் இல்லாத ஃப்ரேமைத்தான் செருகுகிறார்கள். எங்கள் டிவியும் அதைத்தான் செய்கிறது. அப்படியானால் அது ஏன் எனக்குப் பிடிக்கிறது, இது ஏன் எரிச்சல் தருகிறது? யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. ஜாக்சன் ஒவ்வொரு காட்சியையும் உட்கார்ந்து பார்த்து, எந்த வேகத்தில் சுற்றியிருப்பார்கள் என்று கணித்துச் செய்திருக்கிறார். முடிவு ஒரு படைப்பாளியுடையது. பிடிக்கவில்லை என்றால் அவரைக் கேட்கலாம். அவரே 2012-இல் 'தி ஹாபிட்' முதல் பாகத்தை 48 ஃப்ரேமில் எடுத்தபோது நிறையப் பேர் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். எங்கள் டிவி யாரையும் கேட்பதில்லை. செய்தி, கிரிக்கெட், 'கொட்டுக்காளி' மூன்றுக்கும் ஒரே மருந்து.

ஜப்பானில் கழிப்பறை சுத்தம் செய்யும் ஹிராயாமாவைப் பற்றிய விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தில் அவருடைய கனவுகள் வரும். நிழலும் இலையும் ஒன்றோடொன்று கரைகிற கறுப்பு வெள்ளைத் துண்டுகள். எது எங்கே நகர்கிறது என்று சிப்புக்குப் புரியாமல் அந்த இடங்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. ஹிராயாமாவாக நடித்த கோஜி யாகுஷோவின் முகத்துக்காகவே பார்க்க வேண்டிய படம். கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. அந்தக் கனவுகளை மட்டும் எங்கள் டிவி எனக்குத் தரவில்லை.

இந்தப் புலம்பல் எனக்கு மட்டும் உரியதல்ல. 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோஃபர் மெக்குவாரியும் சேர்ந்து, தயவுசெய்து இந்தச் செட்டிங்கை அணையுங்கள் என்று ஒரு வீடியோவே போட்டார்கள். அடுத்த ஆண்டு ஃபிலிம்மேக்கர் மோட் என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. ஸ்கார்செஸி, நோலன் போன்ற இயக்குநர்கள் அதை ஆதரித்தார்கள். ஒரே பொத்தானில் இந்த ஊக ஃப்ரேம், செயற்கைக் கூர்மை எல்லாம் அணைந்து, படம் எடுத்தபடி தெரிய வேண்டும் என்பது நோக்கம். எங்கள் டிவியிலும் அது இருக்கிறது. எங்கே இருக்கிறது தெரியுமா? செட்டிங்ஸ், அதற்குள் பிக்சர், அதற்குள் மோட் என்று கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

போகட்டும், ஒருமுறை போட்டால் போதும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஓடிடி ஆப் ஒவ்வொன்றுக்கும் தனியாக அணைக்க வேண்டும். ஒரே ஆப்பில் சாதாரணப் படத்துக்கு ஒரு செட்டிங், வெளிச்சமும் வண்ணமும் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் படத்துக்கு வேறு, அதிலேயே இன்னொரு வகையான டால்பி விஷனுக்கு இன்னொன்று. எச்டிஎம்ஐ ஒவ்வொன்றுக்கும் தனி. எச்டிஆர் செட்டிங்கை மாற்ற எச்டிஆர் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால்தான் முடியும். இத்தனையும் முடித்த பிறகு போர்டு மாறினால் எல்லாம் பழையபடி. ரிப்பேருக்கு வந்தவரிடம் இதைக் கேட்டேன். பாவம், அவர் நல்லவர், வேலையும் சுத்தம். "சார், அது ஃபேக்டரி செட்டிங், அப்படித்தான் வரும்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அப்படித்தான் வரும் என்று முடிவு செய்தவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

மற்றபடி பேனலில் ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. இருட்டுக் காட்சிகளில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, சாம்பல் பூசாமல். ஸ்பீக்கரில் வசனம் தெளிவு. ரிமோட் இன்றுவரை தகராறு செய்ததில்லை. இந்த விலைக்கு இதைவிட நல்ல படம் காட்டும் டிவி நான் பார்த்ததில்லை.

நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். அவன் வீட்டில் டிவி பார்ப்பது பெரும்பாலும் அவனுடைய அம்மா. பழைய சிவாஜி படங்களை விரும்பிப் பார்ப்பார். அந்தப் படங்கள் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரிவதற்கு அந்த அம்மா மெனுவுக்குள் மெனுவாக இறங்க வேண்டும் என்றால் அது நியாயமில்லை. ஃபிலிம்மேக்கர் மோடுக்கு ரிமோட்டிலேயே தனிப் பொத்தான் உள்ள டிவி ஏதாவது கிடைக்கிறதா, கூடுதலாகக் கொஞ்சம் செலவானாலும் தேடிப் பார் என்றேன். இல்லை, இதைத்தான் வாங்குவேன் என்று அவன் நின்றால், பெட்டி பிரிக்கும் நாளில் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஆப்பையும் திறந்து, சாதாரணப் படம் ஒன்று, எச்டிஆர் படம் ஒன்று ஓடவிட்டு, எல்லாவற்றிலும் அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.