கடல் சுவரா, முன்னெச்சரிக்கையா?

சுனாமி, புயலிலிருந்து கடலோர மக்களைக் காக்க ஒரு நாடு முதலில் எதில் பணம் போடுவது: கடலைத் தடுக்கும் சுவரிலா, ஆபத்தை முன்கூட்டியே சொல்லி மக்களை வெளியேற்றும் எச்சரிக்கை ஏற்பாட்டிலா?

செலவு: சுவருக்கு எடுத்த எடுப்பிலேயே பெருந்தொகை வேண்டும். எச்சரிக்கைக்குக் குறைவுதான், ஆனால் பயிற்சி, பராமரிப்பு என்று ஆண்டுதோறும் போய்க்கொண்டே இருக்கும்.

பலன்: ஜப்பானின் கமைஷி அலைதடுப்புச் சுவர் 2009-இல் கட்டி முடிந்தது, 2011 சுனாமியில் உடைந்தது. இன்றைய வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். எச்சரிக்கை, தன்னார்வலர்கள், புயல் காப்பிடங்கள் எல்லாம் பெருகியபின் வந்த 2007 சிடர் புயலில் சுமார் 3,400 பேர். அதுவும் சின்ன எண் இல்லை, சரி. ஆனாலும் வித்தியாசம் மலைக்க வைக்கிறது.

எளிமை: சுவர் பாட்டுக்கு நிற்கும். எச்சரிக்கையோ, மக்கள் நம்பிக் கிளம்பினால்தான் பலிக்கும்.

உயிர்தான் முதல் கவலையென்றால் எச்சரிக்கை. இடம் மாற்ற முடியாத துறைமுகம், மின்நிலையம் இருந்தால் அப்புறம் சுவரும்.