பொருத்தமா, பருவமா, வாய்ப்பா? தொழில் வழிகாட்டலின் மூன்று கட்சிகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் ஒரு மாணவன் காதில் விழும் அறிவுரைகளைச் சலித்துப் பார்த்தால் மூன்றுதான் மிஞ்சும். "ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தா இவனுக்கு எது வரும்னு தெரிஞ்சிடும்." "இப்போதைக்கு ஒரு நல்ல குரூப்பா எடுக்கட்டும், போகப்போகப் பிடிபடும்." "யாருக்கு எங்க எழுதியிருக்கோ, கிடைக்கிறதை விடாம பிடிச்சுக்கணும்." பெரியப்பாக்களும் டியூஷன் மாஸ்டர்களும் போகிற போக்கில் சொல்லும் இந்த மூன்றையும் அமெரிக்க உளவியலாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகத் தனித்தனிக் கட்சிகளாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சி யாருக்கு உதவும் என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

மூத்த கட்சி: பொருத்தம்

1908-இல் பாஸ்டன் நகரில், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், ஃபிராங்க் பார்சன்ஸ் ஒரு தொழில் ஆலோசனை நிலையம் தொடங்கினார். உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசி. அவர் சொன்னது இவ்வளவுதான். அதே ஆண்டு இறந்துபோனார். இந்த யோசனையை விளக்கும் அவர் புத்தகம் 1909-இல்தான் வெளிவந்தது.

இந்த யோசனையைக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹாலண்ட். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தவர்களை நேர்காணல் செய்து வகைபிரித்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1959-இல் அவர் முன்வைத்த கோட்பாட்டில் மனிதர்களும் ஆறு வகை, வேலைச் சூழல்களும் அதே ஆறு வகை. கையும் கருவியுமாக இருப்பவர், ஆராய்பவர், கலை மனம் கொண்டவர், பிறருக்கு உதவுபவர், பேசி நடத்தி விற்பவர், கணக்கையும் கோப்பையும் ஒழுங்காக வைப்பவர். உங்களிடம் ஓங்கியிருக்கும் மூன்று வகைகளின் ஆங்கிலப் பெயர்களில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அதுவே உங்கள் குறியீடு. பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகிய நம் ஊரில் இது சட்டென்று பிடித்துப் போவதில் ஆச்சரியமில்லை.

இதன் பெரிய பலம் வேகம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் 60 கேள்விகள் கொண்ட விருப்பப் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. டாக்டர், இன்ஜினியர், போலீஸ், டீச்சர், கலெக்டர் என்று ஐந்து வேலைகளை மட்டும் கேள்விப்பட்ட பிள்ளைக்கு அதன் முடிவுப் பக்கம் ஐம்பது வேலைகளின் பெயரைக் காட்டும். அது சின்ன உதவி இல்லை. ஆனால் வகை பொருந்தினால் வேலையில் திருப்தி வரும் என்ற வாக்குறுதியை ஆய்வுகள் அரைமனதாகத்தான் ஆதரிக்கின்றன. தொடர்பு இருக்கிறது, வலுவாக இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த அறுபதில் ஒரு கேள்வி, செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது உங்களுக்குப் பிடிக்குமா என்பது. இன்னொன்று சமையலறை அலமாரி செய்வது பற்றி. ஒஹாயோவில் வீட்டு கராஜில் அப்பாவோடு மர வேலை செய்து வளர்ந்த பையனுக்கு இது விருப்பத்தைப் பற்றிய கேள்வி. திண்டுக்கல்லில் ஒரு கொத்தனாரின் மகனுக்கு அப்படி இல்லை. அப்பாவின் விரலிடுக்கில் சிமெண்ட் அரித்த புண்ணைப் பார்த்து வளர்ந்தவன். "நீயாவது நிழல்ல உக்காந்து வேலை பாரு" என்று தினமும் கேட்டு வளர்ந்தவன். அவன் "சுத்தமாகப் பிடிக்காது" என்ற கட்டத்தில்தான் டிக் போடுவான். கைவேலைக்கான மதிப்பெண் சரியும். முடிவுத் தாளில் கட்டட வரைவாளர், சர்வேயர், சிவில் டிப்ளமோ எல்லாம் கீழே இறங்கிவிடும். அவனுக்குக் கையில் திறமையும் கண்ணில் அளவும் இருக்கலாம். தாள் அளந்தது விருப்பத்தை இல்லை, தப்பிக்கும் ஆசையை.

இந்த இடத்தில் கல்வி உளவியலாளர் லிண்டா காட்ஃபிரட்சனைத் துணைக்கு அழைக்க வேண்டும். தனிக் கட்சி இல்லை, கட்சிகளைத் தணிக்கை செய்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். 1981-இல் அவர் சொன்னது: பிள்ளைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே வேலைகளைக் கழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இது ஆம்பளை வேலை, அது பொம்பளை வேலை என்று ஒரு கழிப்பு. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் கௌரவமான வேலை, கௌரவக் குறைவான வேலை என்று இன்னொரு கழிப்பு. தனக்கு எதில் ஆர்வம் என்ற கேள்வியே பதினாலுக்கு மேல்தான் எழுகிறது. அதற்குள் தட்டில் பாதி காலி. சாதியும் தொழிலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த நாட்டில் அந்த இரண்டாவது கழிப்பு எவ்வளவு ஆழமாக வெட்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் டெஸ்ட் வைப்பவர்கள் மிச்சத்தை மட்டுமே அளக்கிறார்கள்.

(விரல் ரேகையை ஸ்கேன் செய்து "உங்கள் குழந்தை கலெக்டர் ஆவார்" என்று ரிப்போர்ட் விற்பவர்களை இந்தக் கட்சியில் சேர்க்க வேண்டாம். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்துக்கு நாலு புத்தகம் வாங்கலாம்.)

இரண்டாம் கட்சி: பருவம்

டொனால்ட் சூப்பர் 1953-இல் கேள்வியையே மாற்றினார். எந்த வேலை என்று கேட்பதற்கு முன், தேர்வு செய்ய இந்தப் பிள்ளை தயாரா என்று கேளுங்கள் என்றார். பதினாலு வயதுவரை வளர்ச்சி, 15 முதல் 24 வரை தேடல், 25 முதல் 44 வரை நிலைபெறல், அதன்பின் தக்கவைத்தல், கடைசியில் விலகல். நியூயார்க் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற ஊரின் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை 1951 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது அவர் குழு. அந்த வயதில் சொல்லும் வேலை ஆசை நிலையாக இருப்பதில்லை. திட்டமிடும் பழக்கமும் தகவல் தேடும் பழக்கமும் இருக்கிறதா என்பதே அந்த வயதில் கவனிக்க வேண்டியது.

என் சாய்வு இந்தப் பக்கம்தான். காரணம் நம் பள்ளி அமைப்பு. தேடல் தொடங்கும் வயது என்று சூப்பர் சொன்ன அதே பதினைந்தில் நாம் கதவைச் சாத்துகிறோம். பதினொன்றில் காமர்ஸ் எடுத்தவர் பிறகு பி.இ. என்று மனம் மாறினால் வழி அநேகமாக அடைபட்டிருக்கும். அதனால் சூப்பரை நம்புகிற ஆலோசகர் "உனக்கு என்ன பிடிக்கும்" என்பதைவிட "எந்தப் பாதையில் திரும்பி வர வழி இருக்கிறது" என்றுதான் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் பலர் இளக்காரமாக நினைக்கும் பாலிடெக்னிக் மேலே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று ஆண்டு டிப்ளமோ. கையில் வேலைக்கான தகுதி. மேலே படிக்க ஆசை வந்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு.

குறையும் உண்டு. சூப்பரின் வயதுக் கட்டங்கள் அமெரிக்க நடுத்தர வர்க்க ஆண்களின் வாழ்க்கையை அளவாக வைத்துத் தைத்தவை. கல்யாணத்தோடு வேலையை விட்டு, பிள்ளை பள்ளிக்குப் போனதும் முப்பத்தைந்தில் மறுபடி தொடங்கும் பெண்ணை "நிலைபெறல்" கட்டத்தில் எப்படி உட்கார வைப்பது? 1980-இல் அவரே ஒரு வானவில் படம் வரைந்து, பிள்ளை, மாணவர், ஊழியர், இல்லத்தைக் கவனிப்பவர், குடிமகன் என்று ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல பாத்திரங்களைத் தாங்குவதைச் சேர்த்துக்கொண்டார். இந்தக் கட்சி இன்னும் உயிரோடு இருப்பதற்கு அந்தத் திருத்தம் ஒரு காரணம்.

மூன்றாம் கட்சி: வாய்ப்பு

பின்னாளில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஜான் க்ரம்போல்ட்ஸ், தான் கல்லூரியில் படித்தபோது பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கக் கெடு நெருங்கியதும் போய்க் கேட்டது தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம். அவர் உளவியலும் கற்பித்தவர். முடிவு தெரிந்ததே. 1999-இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து க்ரம்போல்ட்ஸ் எழுதிய கட்டுரை, தற்செயலைத் திட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. ஆர்வம், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, துணிந்து இறங்குதல் என்று ஐந்து திறன்களை வளர்த்துக்கொண்டவருக்குத் தற்செயல் வாய்ப்பாக மாறும் என்றது. இன்னும் முடிவு செய்யவில்லை என்பதைக் குறையாகப் பார்க்காதீர்கள் என்றும் சொன்னது.

அரியருடன் நிற்பவருக்கும், இருபத்தேழில் வேலை மாற நினைப்பவருக்கும் இதைவிட உபயோகமான பேச்சு இல்லை. ஆனால் துணிந்து இறங்கு என்ற ஐந்தாவது திறனைக் கல்விக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் சொல்லும்போது வாய் கூசும். தவறி விழுந்தால் தாங்க ஆள் இருப்பவருக்கே அது சுலபம். நம் ஊரில் தற்செயலும் எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. "தெரிஞ்சவர் மூலமா கிடைச்சது" என்று சொல்லும்போது அந்தத் தெரிஞ்சவர் பெரும்பாலும் சொந்தக்காரர், சொந்த சாதிக்காரர். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வட்டம் கிடையாது. அவருக்குத் தற்செயலை யாராவது ஏற்பாடு செய்து கொடுத்தாக வேண்டும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தையும், அதன் கீழ் நடக்கும் கல்லூரிக் கனவு என்ற உயர்கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சிகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அங்கே கேட்கும் பேச்சைவிட, ஒரு கல்லூரி வளாகத்துக்குள் முதல்முறை கால் வைப்பதும், பேச வந்தவரிடம் நேரில் ஒரு கேள்வி கேட்பதும் அதிகம் உதவும்.

ஒரு வகுப்பு, ஒரு பிற்பகல்

நாற்பது பிள்ளைகளும் ஒரே ஒரு பிற்பகலும் கிடைத்தால் நான் போகும் வரிசை இது. முதலில் சூப்பர்: தங்கள் தெருவில் பார்க்கும் வேலைகளில் எத்தனைக்கு என்ன படிக்க வேண்டும் என்று தெரியும் என எழுதச் சொல்வேன். பாதித் தாள் காலியாக வந்தால் அன்று தேர்வு பற்றிப் பேச்சே வேண்டாம், தகவல் மட்டும் போதும். தாள் நிறைந்திருந்தால் ஹாலண்ட் பட்டியலைக் கொடுப்பேன். மதிப்பெண்ணைக் கூட்டும் முன், "பிடிக்காது" என்று குறித்த ஒவ்வொன்றுக்கும் நேரே காரணம் எழுதச் சொல்வேன். "போர் அடிக்கும்" என்றால் அப்படியே விடலாம். "எங்க அப்பா செய்யறார்", "பொண்ணுங்க செய்ய மாட்டாங்க" என்று வந்தால் அந்தக் கேள்வியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கூட்ட வேண்டும்.

க்ரம்போல்ட்ஸ் வீட்டுப்பாடம். முன்பின் தெரியாத ஒருவரிடம், அவர் பார்க்கும் வேலையைப் பற்றி மூன்று கேள்வி கேட்டு வர வேண்டும். சொந்தக்காரர் கூடாது. கொத்தனார் மகனை பாலிடெக்னிக் சர்வே லேபுக்கு அனுப்புவேன், நிலம் அளப்பவர்கள் கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்லி. பதினொன்றாம் வகுப்பு அட்மிஷன் ஃபாரத்தை நிரப்புவதற்கு முன்பே இது நடந்தாக வேண்டும்.